நாலு சிலிண்டரிலும் உப்பு

இன்ஜினைத் திறக்கிற வரைக்கும் அந்த வீட்டில் சந்தேகமே இருந்ததில்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஆனால் எல்லாம் சில்லறைச் சந்தேகங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்தது யார், சீப்பை ஒளித்து வைத்தது யார், காலைத் தேநீரைக் கொடுக்காமலே கொடுத்தேன் என்று சாதிப்பது யார். கேட்பவர் மாமனார், பதில் சொல்பவள் மருமகள். கண்ணாடி அவர் நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அவள் அதை மூக்குக்கு இறக்கி விடுவாள். "இத இங்க கொண்டாந்து வச்சது யாரு?" என்று அதற்கும் ஒரு கேள்வி வரும்.

அவளுக்கு வீட்டோடு தையல் வேலை. முன்னறை ஜன்னலை ஒட்டி மெஷின். திரைச்சீலை, பள்ளிக்கூடப் பை, சோபா உறை என்று எது வந்தாலும் தைப்பாள். தையல்காரி என்றால் போதும், தெருவில் யார் வேண்டுமானாலும் வீட்டைக் காட்டி விடுவார்கள். அவள் கணவனுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. இருட்டோடு போய், வெயில் உச்சிக்கு வரும்போது புருவத்தில் மாவோடு திரும்புவான். கருகிப் போனதால் விற்க முடியாத ரொட்டி ஏதாவது கையில் இருக்கும். மாமனார் டாக்ஸி ஓட்டியவர். ஓட்டுவதை விட்ட பிறகும், தெருவில் ஹாரன் கேட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கால் பிரேக்கைத் தேடும்.

வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். அதற்குள் அவருடைய கார். மூக்கு உருண்டு, விளக்குகள் பிதுங்கி, முதுகு சரிந்த அந்தக் காலத்து வண்டி. டாக்ஸித் தொழிலை விட்டபோது மஞ்சளைச் சுரண்டி எடுத்துவிட்டு அவரே கரும்பச்சை அடித்தார். பெயின்ட்டுக்கு அடியில் மஞ்சள் இன்னும் அங்கங்கே பல் காட்டும். மனைவி போன பிறகு அவர் அதிகம் பேசியது அந்த வண்டியோடுதான்.

கண் மங்கிய பிறகும் அவர் ஓட்டுவதை விடவில்லை. ஒருநாள் பின்பக்கமாக எடுத்தவர் எதிர்வீட்டுக் கேட்டில் கொண்டுபோய் மோதினார். கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் அந்த வீட்டுப் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் தகடாக நசுங்கிக் கிடந்தது. பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தது. "பிரேக் வழுக்கிடுச்சு" என்றார் மாமனார். அன்றைக்குத்தான் அவள் தெருவே கேட்கிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னாள். "இந்த வண்டி பாழாப் போனாத்தான் எனக்கு நிம்மதி." சாவியைப் பிடுங்கித் துணிப் பெட்டிக்குள் போட்டாள். சாவி இல்லாமலே வயரைச் சேர்த்து அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அவரே வந்து சொன்னார், "இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. இனிமே ஓடாது." சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய வண்டி, ஜாம் ஆகத்தான் செய்யும். ஏன் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

பிறகு மழைக்காலங்கள் வந்து போயின. வண்டி ஷெட்டிலேயே தூங்கியது. மாமனாருக்கு ஞாபகம் ஓட்டைப் பையில் போட்ட சில்லறை மாதிரி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. டாக்டர், அவருக்குப் பிடித்த வேலை ஏதாவது பக்கத்தில் நடந்துகொண்டிருந்தால் நல்லது என்றார். கணவனுக்கு அது போதுமாக இருந்தது.

"வண்டிய ரெடி பண்ணிடலாம்" என்றான் ரொட்டியைப் பிய்த்தபடி. "நான் ஓட்டுறேன். அப்பா பக்கத்துல உக்காரட்டும். ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"ஓடற வண்டிய அவர் சும்மா விடுவாரா?"

"சாவி என்கிட்ட இருக்கும்."

"போன தடவ சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

அவன் மென்றுகொண்டே அவளைப் பார்த்தான். "உனக்கு அந்த வண்டி மேல ஆரம்பத்துலேருந்தே ஒரு இது."

அவள் சீட் உறை தைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். சமாதானத்துக்குச் சொன்னது.

மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் ஆணி. ஆள் அவ்வளவு ஒல்லி, தலை மட்டும் பெரிது. பழைய வண்டி என்றால் தன் கடையை மூடிவிட்டுக்கூட வருவான். வந்ததும் போனட்டைத் தூக்கி, முன்பக்க ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் போட்டான். ஹேண்டில் அசையவில்லை. ஆணிதான் வளைந்தான்.

"நல்லாவே பிடிச்சிருக்கு" என்றான். "பிஸ்டனும் சிலிண்டரும் துருவுல ஒட்டிக்கிட்டிருக்கும். அவசரப்பட்டா உடையும். ஊற வைக்கணும்."

பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றினான். தினமும் மத்தியானத்துக்கு மேல் வருவான், இன்னும் கொஞ்சம் ஊற்றுவான், ஹேண்டிலைப் பிடித்து ஆட்டுவான், பீடி பற்ற வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு மாமனார் காவல். ஆணி கிளம்பும்போது, "பையைக் காட்டு" என்பார்.

"என்ன இருக்கும் பெரியவரே? என் ஸ்பேனர்தான்."

"உன் ஸ்பேனர்னு அதுல எழுதியிருக்கா?"

ஆணி பையைக் கவிழ்த்துக் காட்டுவான். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். ஒரு நாள் ஆணியின் தீப்பெட்டியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். ஆணி சிரித்துக்கொண்டே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஷெட்டைப் பார்த்து அவள் சிரித்தது அதோடு சரி.

ஊற வைத்தும் இன்ஜின் இளகவில்லை. சக்கரத்தைத் தூக்கி, டாப் கியரில் போட்டு, கணவனும் ஆணியும் சேர்ந்து உலுக்கிப் பார்த்தார்கள். நகரவில்லை. "ஹெட்டைக் கழட்டிட வேண்டியதுதான்" என்றான் ஆணி. இன்ஜினுக்கு மூடி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கிற அந்தக் கனத்த இரும்பை, நட்டுகளை விலக்கி, மரச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டித் தட்டி, ஒருவழியாகக் கிளப்பினார்கள். அவள் தேநீர் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போன நேரம் அது. நாலு சிலிண்டர்களும் நாலு கிணறுகள் மாதிரி திறந்து கிடந்தன. உள்ளே எல்லாம் செங்கல் நிறத் துரு. ஓரங்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

ஆணி விரலால் அதைச் சுரண்டினான். முகர்ந்தான். பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினான்.

"உப்பு."

"என்னது?" என்றான் கணவன்.

"சாப்பாட்டு உப்பு. தண்ணில கரைச்சு ஊத்தியிருக்கு. மழை ஒழுகியிருந்தா ஒரு சிலிண்டர்ல ஒழுகும், ரெண்டுல ஒழுகும். இது நாலுலயும் ஒரே அளவா இருக்கு." அவன் கழற்றி வைத்திருந்த பிளக் ஒன்றை எடுத்துத் திருப்பினான். "ஒண்ணு பார்த்தியா? ஊத்தினவங்க பிளக்கை மறுபடி மாட்டும்போது மரையில கிரீஸ் தடவி மாட்டியிருக்காங்க. கழட்டும்போதே எனக்கு ஆச்சரியம். கெடுக்கறவனுக்கு எதுக்கு இவ்வளவு பொறுப்பு?"

மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "சமையல்கட்டு உப்பா?" என்று கேட்டார்.

"உப்புல என்ன பெரியவரே, எல்லாம் சமையல்கட்டு உப்புதான்."

மாமனார் ஆணியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த தேநீர்த் தட்டைப் பார்த்தார். "எனக்கு வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை, அவள் கையால் எதையும் வாங்கவில்லை. சூப் வைத்தால் மகன் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். முட்டையை உரிக்காமல் அப்படியே கொடு என்று மகனிடம் சொல்வார். தேநீரை அவர் தொடுவதே இல்லை. தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்க் குடிக்கக் கிளம்புவார், வழி மறந்து எங்காவது நிற்பார், யாராவது கூட்டி வருவார்கள். கூட்டி வருகிறவர்களிடம், "வீட்டுல தர்றதில்ல" என்பார்.

அதுகூடப் பரவாயில்லை. ஞாபகம் தப்பிய மனிதர், அவர் பேச்சு அன்றாடம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மாதிரி. அவளை உறுத்தியது கணவனின் மௌனம். முன்பெல்லாம் பேக்கரியில் யார் மாவைத் தீய்த்தான், யார் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று வந்ததும் வராததுமாகக் கொட்டுவான். இப்போது கை கழுவுகிறான், சாப்பிடுகிறான், ஷெட்டுக்குப் போகிறான். ஒருநாள் அவள் தையல் மெஷினின் அடிப்பக்கத்தைத் திறந்து வைத்து, ஸ்பேனரால் ஒரு நட்டை இறுக்கிவிட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் அவன் வாசலில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கேட்கணும்னா வாயத் திறந்து கேளுங்க."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கழற்றிய செருப்பை மறுபடி நேராக வைத்தான். "அன்னைக்கு அந்தச் சைக்கிள் நசுங்கினப்போ நீ ரொம்பப் பயந்திருந்தே. பயத்துல யாரும் எதையாவது செய்யலாம். நான் தப்பாச் சொல்லலை."

"நான்தான் ஊத்தினேன்னு சொல்றீங்க."

"ஊத்தினியான்னு கேட்கறேன்."

"இல்ல."

"சரி, விடு" என்றான். ஆனால் அவன் விடவில்லை என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

இதற்கு நடுவில் நாத்தனார் தினம் போனில். கணவனுக்கு அக்கா, வேறு பேட்டையில் குடும்பத்தோடு இருக்கிறவள். வண்டியைத் திறக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு சந்தேகம், தம்பி சொல்லாமல் கொள்ளாமல் விற்கப் பார்க்கிறானோ என்று. இப்போது உப்பு விஷயமும் காதுக்குப் போய்விட்டது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நல்ல இல்லம் ஒன்றை விசாரித்து வைத்திருப்பதாக அவள் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தவள். "வீட்டுலயே வச்சுப் பார்க்கறேன்னு சொன்னே. இப்ப பார்த்தா அந்த வீட்டுலயே அவருக்குப் பாதுகாப்பு இல்லையேடா" என்று அவள் சொன்னது, போனுக்கு வெளியே அறை முழுக்கக் கேட்டது.

தையல்காரியும் சும்மா இருக்கவில்லை. மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்? சைக்கிள் நசுங்கிய கோபம் அவருக்கு இருக்கும். ஆனால் ஷெட்டுக்குள் வந்து, நிதானமாக பிளக்கைக் கழற்றி மாட்டுகிற அளவுக்கா? ஆணியா? வேலை நீளட்டும் என்று அவனே உப்புக் கதையைக் கட்டியிருப்பானோ? அவன் நக்கிப் பார்த்ததை மற்றவர்கள் யாரும் நக்கிப் பார்க்கவில்லையே. ஒரு நாள் யாரும் இல்லாதபோது அவளே போய்ச் சிலிண்டர் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். டீசல் நாற்றத்துக்கு நடுவிலும் கரித்தது. உப்புதான். கடைசியாகக் கணவனையே நிறுத்தினாள். அப்பாவைத் தடுக்க வாய் வராமல் அவனே ஊற்றியிருந்து, பழியை இப்போது அவள் தலையில் கட்டுகிறானோ? ரொட்டிக் கடையில் இல்லாத உப்பா? அப்படி நினைத்தபோது அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

ஒரு காலையில் நல்ல மழை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தம் காதை அடைத்தது. கணவன் பேக்கரியில், ஆணி வர நேரமிருந்தது. அவள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, தைத்து முடித்த உறையை இழுத்து, வளைந்த ஊசியால் அடியில் கோத்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸின் புதிது, இழுத்தால் விரல் எரியும். மாமனார் ஸ்டூலை ஒழுகாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டு வந்து, கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"நல்லா இழுத்துத் தைக்கிறே. எந்தக் கடைலேருந்து வர்றே?"

அவள் ஊசியை நிறுத்தினாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. குஷன் வேலைக்கு வந்த யாரோ ஒருத்தி என்று நினைத்திருக்கிறார். மாமா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பக்கத்துலதான் பெரியவரே."

"இந்த வீட்டுல பார்த்து நடந்துக்க. மருமக ஒருத்தி இருக்கா. வாய் நல்லாப் பேசுவா. ஆனா வண்டில உப்பு கரைச்சு ஊத்திட்டா."

"அப்படியா? நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? உப்பு அவகிட்டதானே இருக்கு."

அவள் நூலை இழுத்தாள். மழை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. "ஓடற வண்டிய இப்படிக் கெடுக்கறது பெரிய பாவம் இல்லையா?" என்றாள். வயிற்றெரிச்சலில் கேட்டதுதான், எதையும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

மாமனார் புதுச் சீட்டை உள்ளங்கையால் தடவினார்.

"பாவம்தான். ஆனா சில சமயம் வேற வழியில்ல. நானே ஒருத்தருக்குச் செஞ்சிருக்கேன்."

"யாருக்கு?"

"ஒரு பெரியவர். டாக்ஸிக்காரர்தான். கண்ணு போச்சு, ஆனா வண்டிய விட மாட்டேன்னு பிடிவாதம். சாவிய ஒளிச்சா வயர சேர்த்துடுவார். வயர அறுத்தா முடிச்சுப் போட்டுடுவார். டயர் காத்தப் புடுங்கினா பம்ப் அடிப்பார். தொழில் தெரிஞ்ச ஆளைத் தடுக்கவே முடியாது பாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைங்க விளையாடுற தெரு. ஒருநாள் ஒரு குழந்தை நூலிழையில தப்பிச்சுது. அப்புறம் நான் யோசிச்சேன். இன்ஜினையே பூட்டிட்டா? அதுக்குச் சாவி கிடையாது. உப்பக் கரைச்சேன், பிளக்கக் கழட்டினேன், நாலுலயும் ஊத்தினேன். மரையில கிரீஸ் வச்சுத்தான் மாட்டினேன். பின்னால யாராவது கழட்டினா மரை போயிடக்கூடாதில்ல?"

அவள் கையிலிருந்த ஊசி எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

"அந்தப் பெரியவர் எங்க இருக்கார் இப்ப?"

"அதான் தெரியல" என்றார் மாமனார். "முகம் ஞாபகத்துக்கு வரல. ரொம்ப அழுதார்னு மட்டும் ஞாபகம்."

கணவன் மழையில் நனைந்து வந்ததும் வராததுமாக அவள் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது, அல்லது வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் துண்டை இறக்கினான்.

"அப்பா உன்கிட்டதான் பேசறதே இல்லையே."

"நான்னு தெரியாமப் பேசினார். குஷன் கடை ஆளுன்னு நினைச்சு."

"உன்னைத் தெரியாம."

"ஆமா."

"அதுவும் நான் இல்லாதப்ப."

"வாங்க, அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டார்கள். அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. மாமனார் மகனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் வண்டிக்கு நானா?" என்றார். "சோறு போட்ட வண்டிடா அது. இவ சொன்னாளா? சொல்லுவா. ஊத்தினதும் ஊத்திட்டு இப்ப என் தலையிலயே கட்டுறா பாரு." கணவன் அவரைத் தோளில் பிடித்து உட்கார வைத்தான். அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த வாரம் அவள் சமைத்தாள், தைத்தாள், துணி துவைத்தாள். சண்டை போடவில்லை. சண்டை போட வேண்டுமானால் எதிராளி நம்மை நம்ப வாய்ப்பிருக்கிறது என்றாவது இருக்க வேண்டும். தங்கையின் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகலாமா என்று யோசித்தாள். போனால் பயந்து ஓடிவிட்டாள் என்று ஆகும். இருந்தாள்.

ஷெட்டில் வேலை மட்டும் முன்னேறியது. ஆணி இன்ஜினுக்கு அடியிலிருக்கிற எண்ணெய்த் தொட்டியைத் திறந்துவிட்டபோது முதலில் தண்ணீர்தான் வந்தது, பிறகுதான் கறுத்த எண்ணெய். உப்புத்தாளால் சிலிண்டர் சுவர்களைத் தேய்த்தான். "உப்பு போட்ட பூட்டுக்கு உப்புத்தாள்தான் சாவி" என்றான், யாரும் சிரிக்கவில்லை என்றாலும். பிஸ்டன் மேல் மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு, அடுத்த பிஸ்டனில் ஒரு தட்டு, ஹேண்டிலில் ஒரு ஆட்டு. பதறாமல், கோபப்படாமல், நாள்கணக்கில் அதையே செய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளறையில் இருந்த அவளுக்கே கேட்டது. ஹேண்டில் மயிரிழை நகர்ந்தது. பிறகு ஒரு விரல். பிறகு கால் சுற்று. கணவன் கையில் ஹேண்டில் முழுசாகச் சுற்றி வந்தபோது நாலு பிஸ்டன்களும் இரண்டு இரண்டாக ஏறி இறங்கின.

அன்றைக்கு நாத்தனாரும் வந்திருந்தாள். வண்டியைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று வந்தவள். முன்னறையில் உட்கார்ந்து, தைத்துப் போட்டிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, "அந்த இல்லத்துல ஒரு இடம் காலியாகுதாம். அப்பாகிட்ட நானே பேசறேன்" என்று தொடங்கினாள். ஆணி சாப்பிடப் போயிருந்தான். கணவன் கை கழுவிக்கொண்டு நின்றான். தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்த அவள், மேடையில் உப்பு டப்பா திறந்து கிடப்பதைப் பார்த்தாள். மூடியைக் காணோம். கை கழுவுகிற இடத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பையும் காணோம்.

அவள் கணவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட வந்தான். பின்வாசல் வழியாக ஷெட்டுக்குப் போனார்கள்.

மாமனார் இன்ஜின் மேல் குனிந்திருந்தார். இடது கையால் விளிம்பைத் தடவி இடம் கண்டுபிடித்து, வலது கையால் சொம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிலிண்டர் ஆகியிருந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் இரண்டாவதில் ஊற்றினார். பார்வை மங்கிய மனிதரின் கையில் அந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ.

"அப்பா, என்ன பண்றீங்க?" என்றான் கணவன்.

அவர் திரும்பவில்லை. "சத்தம் போடாதே தம்பி. இந்த வண்டிக்காரர் காதுல விழுந்துடப் போகுது. யாரோ இன்ஜினை இளக்கி விட்டிருக்காங்க, அறிவு கெட்டவங்க. பெரியவருக்குக் கண்ணு தெரியாது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேற. பிள்ளைங்க எல்லாம் தெருவுலதான் இருக்கும்."

கணவன் அப்படியே நின்றான். தடுக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் தடுக்கவில்லை. அப்பா நாலாவது சிலிண்டரையும் முடித்து, சொம்பைத் தரையில் வைத்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிற வரைக்கும் காத்திருந்தான். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தான்.

"துணி கொண்டா" என்றான் அவளிடம். அவளைப் பார்க்காமல்தான் சொன்னான். பார்க்க முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

இருவரும் சேர்ந்து பழைய துணியை உள்ளே விட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்துவிட்டாள். ஈரத்தைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், அடியில் படிந்திருந்த கரையாத உப்பைப் பார்த்தாள்.

"மறுபடியுமா?" என்றாள். "இப்ப யாருடா ஊத்தினது?"

மாமனார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தன் பாட்டுக்கு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அது அவரைவிட்டுப் போயிருந்தது. மகள் போட்ட சத்தத்தில் விழித்தவர் மாதிரி அவரும், "யாரு? யாரு ஊத்தினது?" என்றார்.

நாத்தனாரின் பார்வை நேராகத் தையல்காரியின் மேல் வந்து நின்றது. சொல்லிவிடலாமா என்று அவளுக்கு வாய் துடித்தது. சொன்னால் பழி தீரும். அடுத்த நிமிஷம் மாமனாரின் துணிமணிகள் பெட்டிக்குள் போகும். அதைச் சொல்ல வேண்டியவள் தானல்ல என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் அக்கா" என்றான் கணவன்.

"என்ன?"

"நான்தான் ஊத்தினேன். இப்பவும் நான்தான், அப்பவும் நான்தான். அப்பா வண்டி எடுக்கறது எனக்குப் பிடிக்கலை. நேரா சொல்லத் தைரியம் இல்ல."

"அப்புறம் எதுக்குடா ஆளப் போட்டுச் சரி பண்றே? பைத்தியமா உனக்கு?"

"ஆமா, கொஞ்சம் அப்படித்தான்" என்றான். ஈரத் துணியைப் பிழிந்தான். "அப்பா எங்கயும் வரமாட்டார். இங்கதான் இருப்பார். தப்பு பண்ணினது நான், என்னைத் திட்டிக்க."

நாத்தனார் திட்டினாள். குறையே வைக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவள் புறப்பட்டுப் போன பிறகும் வெகுநேரம் இன்ஜினுக்குள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தையல்காரி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னப்ப நான் நம்பியிருக்கணும்" என்றான் கடைசியில்.

"ஆமா" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. விளக்கை மட்டும் அவன் கைக்கு நேராகச் சாய்த்தாள்.

ஆணி வந்து, புதிதாகப் படிந்த உப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். கணவன் அவனை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினான். இன்ஜின் ஓடட்டும், ஆனால் அது சக்கரம் வரைக்கும் போக வேண்டாம், நடுவில் இருக்கிற தண்டைக் கழற்றி எங்காவது மறைத்து வைத்துவிடு என்றான்.

"பழைய வண்டிக்காரங்க எல்லாம் எப்படியாவது ஓட வைடான்னுதான் கேட்பாங்க" என்றான் ஆணி. "ஓடக்கூடாதுன்னு கேட்கிற முதல் ஆள் நீதான்."

"முதல் ஆள் நான் இல்ல" என்றான் கணவன்.

வண்டி உறுமிய அன்றைக்கு மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஷெட் சுவரைப் பார்த்தபடி வெகுதூரம் போய் வந்தார். வண்டி இம்மியும் நகரவில்லை. இறங்கி வந்தவர், "ரோடு இப்ப பரவாயில்ல" என்றார். மகன் கை கொடுக்க வந்ததைத் தட்டிவிட்டார். எதெதையோ மறந்தவர், மகன் சொன்ன அந்த ஒரு வாக்குமூலத்தை மட்டும் மறக்கவே இல்லை. அவன் கொண்டு வருகிற ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

ஒரு சாயங்காலம் தையல்காரி அடுப்படியில் இருந்தபோது அவர் உள்ளே வந்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மாடி, தேநீர் இருக்கா?"

கொடுத்தாள். நின்றபடியே ஊதி ஊதிப் பாதி குடித்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் புருஷன் போக்கு சரியில்ல. அவன்தான் என் வண்டில உப்பு ஊத்தினது. அவனே ஒத்துக்கிட்டான், தெரியுமா?"

"தெரியும் மாமா."

"நான் உன்மேல சந்தேகப்பட்டுட்டேன். அத மனசுல வச்சுக்காதே." அவர் இன்னொரு மிடறு குடித்தார். "அந்த உப்பு டப்பாவ இப்படி வெளியில வைக்காதே. அவன் கைக்கு எட்டாத இடமாப் பார்த்து வை."

"சரி மாமா" என்று அவள் டப்பாவை எடுத்து, முக்காலியில் ஏறி, மேல் தட்டின் கோடியில் தள்ளி வைத்தாள். அவள் கணவன் நல்ல உயரம். முக்காலி இல்லாமலே அந்தத் தட்டு அவனுக்கு எட்டும். மாமனாருக்குத்தான் எட்டாது.